க்னெட்லீக் சரியாக வரவில்லையா? வெட்டு முகத்தைப் பார்த்துக் காரணத்தைப் பிடியுங்கள்

செக் நாட்டுச் சாப்பாட்டில் க்னெட்லீக், அதாவது உருளையாக வேகவைத்துத் துண்டு போடும் மாவுக் கட்டி, குழம்புக்கு உறுதுணையாகத் தட்டில் வைக்கப்படுவது. பாலாடை சேர்த்த காய்கறிக் குழம்போடு மாட்டிறைச்சி பரிமாறும் ஸ்வீச்கோவா, முட்டைக்கோசுடன் வரும் வறுத்த பன்றி இறைச்சி, வெங்காயம் நிறையப் போட்ட இறைச்சிக் குழம்பான குலாஷ் என எதைக் கேட்டாலும் ஓரத்தில் நான்கைந்து வட்டத் துண்டுகள் அடுக்கியிருக்கும். ஆகவே அது நன்றாக வந்திருக்கிறதா என்று அறிய ஒரே சோதனை போதும். துண்டைக் குழம்பில் அழுத்தினால் அது குழம்பை உறிஞ்ச வேண்டும். உறிஞ்சிய பிறகும் உடையாமல் முள்கரண்டியில் நிற்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று தவறினாலும் எங்கோ பிழை நடந்திருக்கிறது.

பிழை கண்ணில் படுவது பெரும்பாலும் பாத்திரத்திலிருந்து எடுத்த பிறகுதான். அதனால் எல்லோரும் வேகவைத்த விதத்தையே குறை சொல்கிறார்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட தவறுகள் தண்ணீர் கொதிப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன. இன்னொரு பங்கு எடுத்த பிறகான முதல் நிமிடத்தில் நடக்கிறது. எது என்று கண்டுபிடிக்க வெளித்தோலைப் பார்த்துப் பயனில்லை. நடுவில் ஒரு துண்டு வெட்டி, வெட்டு முகத்தை வெளிச்சத்தில் பாருங்கள். அங்கே எல்லாம் எழுதியிருக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படை அளவு

கீழே சொல்வதில் பெரும்பகுதி ஹௌஸ்கோவீ க்னெட்லீக் பற்றியது. ஈஸ்ட் சேர்த்த மாவில் பழைய ரொட்டித் துண்டுகளைக் கலந்து வேகவைக்கும், வீடுகளிலும் உணவகங்களிலும் மிகவும் பழக்கமான வகை அது. 500 கிராம் ஹ்ருபா மாவு (பருமனாக அரைத்த கோதுமை மாவு), கால் லிட்டர் பால், ஒரு முட்டை, ஈரமான கட்டி ஈஸ்ட் 20 கிராம், ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை, முந்தைய நாளின் ரொஹ்லீக் இரண்டு. ரொஹ்லீக் என்பது செக் கடைகளில் தினமும் விற்கும், விரல் போல நீண்ட சிறிய ரொட்டி. ஒன்று ஏறத்தாழ 40 கிராம் இருக்கும். ஈஸ்ட் அங்கே 42 கிராம் கட்டியாக வரும், அதில் பாதி சரியாக இருக்கும். உலர்ந்த ஈஸ்ட் என்றால் 7 கிராம்.

வெதுவெதுப்பான பாலில் ஈஸ்டையும் சர்க்கரையையும் கரைத்து, நுரைத்து வந்ததும் மாவு, முட்டை, உப்பு சேர்த்து, கையிலும் பாத்திரத்திலும் ஒட்டாத பதம் வரும்வரை பிசைய வேண்டும். ரொட்டித் துண்டுகளைக் கடைசியில் கலந்து, மூடி ஒரு மணி நேரம் பொங்க விட வேண்டும். பிறகு இரண்டு மூன்று பங்காக்கி நீளமாக உருட்ட வேண்டும். இப்படி உருட்டிய கட்டியை ஷிஷ்கா என்பார்கள். ஷிஷ்காக்களை இன்னும் கால் மணி நேரம் விட்டு, உப்புப் போட்ட கொதிநீரில் இருபது நிமிடம் வேகவைக்க வேண்டும். செய்முறை இவ்வளவுதான். இனி அறிகுறிகளுக்கு வருவோம்.

எடுத்ததும் சுருங்கி அமுங்கிப் போகிறது

அதிகம் பேர் தவிக்கும் இடம் இது. பாத்திரத்தில் இருக்கும்போது உப்பிப் பளபளவென்று மிதந்த ஷிஷ்கா, பலகையில் வைத்த சில விநாடிகளில் தோல் சுருங்கி வற்றிப்போகிறது. இதற்கு மூன்று காரணங்கள் இருக்க முடியும். மூன்றுக்கும் மருந்து வேறு என்பதால் வெட்டிப் பார்க்காமல் முடிவுக்கு வராதீர்கள்.

உள்ளே துளைகள் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக இருந்து, தோலுக்குக் கீழே மட்டும் மெல்லியதாக, ஈரமாக ஒரு வளையம் தெரிந்தால், மாவிலும் குறையில்லை, வெந்த விதத்திலும் குறையில்லை. எடுத்த உடனே குத்தவில்லை, அவ்வளவுதான். வெந்து முடித்த ஷிஷ்காவின் ஒவ்வொரு துளையிலும் நீராவி நிரம்பியிருக்கிறது. வெளியே வந்து குளிர்ந்ததும் அந்த ஆவி நீராகிறது. நீரான ஆவிக்கு இடம் சொற்பமே போதும். தோலோ வழவழவென்று மூடிக் கிடப்பதால் வெளிக்காற்று உள்ளே வர வழியில்லை. ஆகவே தோலே உள்ளே இழுக்கப்படுகிறது. ஆவிக்கு வெளியே போகவும் காற்றுக்கு உள்ளே வரவும் வழி செய்துவிட்டால் அமுங்காது.

இதைச் செய்ய வேண்டியது பத்து விநாடிக்குள். துளையுள்ள அகன்ற கரண்டியால் ஷிஷ்காவைத் தூக்குங்கள். பலகையில் வைத்த கையோடு மெல்லிய மரக்குச்சியை எடுத்து, நீளவாக்கில் இரண்டு விரல் இடைவெளிக்கு ஒன்றாக, மையம்வரை இறங்கும்படி குத்துங்கள். சரியாகக் குத்தினால் ஒவ்வொரு துளையிலிருந்தும் நூல் போல ஆவி எழுவதைப் பார்க்கலாம். ஆவி எழவில்லையென்றால் குச்சி ஆழமாகப் போகவில்லை. பிறகு உருட்டித் திருப்பி அடிப்பக்கத்திலும் நான்கைந்து குத்து. உடனே உருக்கிய பன்றிக் கொழுப்போ எண்ணெயோ வெண்ணெயோ தடவுங்கள். தோல் உலர்ந்து தடித்துப்போகாமல் அது காக்கும். இரண்டு ஷிஷ்கா இருந்தால் முதலாவதை எடுத்து, குத்தி, தடவி முடித்த பிறகுதான் இரண்டாவதை வெளியே எடுக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து எடுத்து வைத்துவிட்டுக் குச்சியைத் தேடுபவருக்கு இரண்டாவது எப்போதும் அமுங்கியே கிடைக்கும்.

வெட்டு முகத்தில் மேல்பக்கம் பெரிய குகை போலத் துளைகளும் கீழ்ப்பக்கம் நெருங்கிய அடர்த்தியான பட்டையும் தெரிகிறதா? மாவு அளவுக்கு மீறிப் பொங்கிவிட்டது. தன் காற்றைத் தானே தாங்க முடியாத நிலைக்கு மாவின் வலை தளர்ந்துபோயிருக்கிறது. இதற்குக் குச்சி உதவாது. முதல் பொங்கலில் மாவு இரண்டு மடங்கு ஆனால் போதும். உருட்டிய பிறகு வரும் இரண்டாம் பொங்கல் இன்னும் குறைவாகவே இருக்க வேண்டும். விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள்: குழி மெதுவாக மீண்டு எழுந்தால் தண்ணீரில் போடும் நேரம் வந்துவிட்டது, குழி அப்படியே நின்றால் தாமதமாகிவிட்டது. அப்படி ஆனால் மீண்டும் பிசைந்து, உருட்டி, பத்து நிமிடம் மட்டும் விட்டுப் போடுங்கள், பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கோடையில் ஒரு மணி நேரம் என்ற கணக்கை நம்பாதீர்கள். கடிகாரத்தைவிட விரல் நம்பகமானது.

மூன்றாவது, நடுவில் பிசுபிசுவென்று ஒரு வட்டம். அது வேகாத க்னெட்லீக்.

நடுவில் மாவாக இருக்கிறது

முதலில் தடிமனைப் பாருங்கள். உருட்டும்போது ஐந்து சென்டிமீட்டர் விட்டம் இருந்தால், பொங்கி, வெந்து முடிக்கையில் எட்டுவரை போய்விடும். ஏழு சென்டிமீட்டரில் ஆரம்பித்தால் இருபது நிமிடத்தில் வெப்பம் மையத்தைத் தொடாது. பெரிய ஷிஷ்கா ஒன்று போடுவதைவிடச் சிறியவை மூன்று போடுவது நல்லது. துண்டுகளும் தட்டில் அழகாக அமையும்.

தடிமன் சரி என்றால், அடுத்து தண்ணீர். அகலமான, பெரிய பாத்திரம் வேண்டும். சிறிய பாத்திரத்தில் குளிர்ந்த மாவு விழுந்ததும் கொதி அடங்கி, மீண்டும் கொதிக்க ஐந்து நிமிடம் ஆகிறது. அந்த ஐந்து நிமிடத்தைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மறுபடியும் கொதித்ததிலிருந்தே நேரம் தொடங்குகிறது. ஷிஷ்காவை இறக்கிய உடனே மரக்கரண்டியால் அடியில் ஒருமுறை நெம்பிவிடுங்கள். அடியில் ஒட்டினால் அந்தப் பக்கம் கிழிந்து தண்ணீர் குடிக்கும்.

மூடி போடலாமா கூடாதா என்பதில் செக் வீடுகளிலேயே இரு கட்சி உண்டு. மூடி போட்டால் மேல்பக்கம் ஆவியில் வேகும்; திறக்காமல் விட வேண்டும். மூடாமல் வைத்தால் பத்தாவது நிமிடத்தில் ஷிஷ்காவைப் புரட்டிவிட வேண்டும், ஏனென்றால் அது மிதக்கிறது, மேல்பாதி தண்ணீருக்கு வெளியே இருக்கிறது. இரண்டும் சரியான முறைகளே. மூடியைப் போட்டுவிட்டு இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பதுதான் கெடுக்கிறது. வெட்டு முகத்தில் வேகாத பகுதி நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால், புரட்ட மறந்துவிட்டீர்கள் என்று பொருள்.

சந்தேகம் இருந்தால் மெல்லிய குச்சியை மையம்வரை விட்டு எடுங்கள். மாவு ஒட்டாமல் வர வேண்டும். சமையல் வெப்பமானி வைத்திருப்பவர்கள் மையத்தில் 90 டிகிரி தாண்டியதா என்று பார்த்துக்கொள்ளலாம். வெட்டிய பிறகு வேகாதது தெரிந்தால் துண்டுகளையே ஆவியில் ஐந்து நிமிடம் வையுங்கள். பஞ்சு போல வராது, ஆனாலும் சாப்பிடலாம்.

கல் போல இருக்கிறது, குழம்பை உறிஞ்சவில்லை

இங்கே மாவின் ரகத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். செக் கடையில் கோதுமை மாவு ஒரே பொருளாகக் கிடைப்பதில்லை; அரைத்த பருமனை வைத்துப் பிரித்து விற்கிறார்கள். ஹ்லாட்கா மிக நைசானது. போலோஹ்ருபா நடுத்தரம். ஹ்ருபா விரலில் தேய்த்தால் நெருநெருவென்று தட்டுப்படும். அதற்கும் மேலே போனால் ரவை. க்னெட்லீக்குக்கு ஹ்ருபா வேண்டும், குறைந்தபட்சம் போலோஹ்ருபா. பருமனான துகள் நீரை மெதுவாக உறிஞ்சி, வேகும்போது தனித்தனியாக உப்புகிறது. இடையிடையே குழம்பு நுழைய வழி இருக்கிறது. நைஸ் மாவில் செய்தால் உள்ளே பசை போல நெருங்கி, ரப்பர் கடிப்பது போல ஆகிவிடும். ஆஸ்திரியாவில் இதே மாவைக் கிரிஃபிக் என்றும், ஜெர்மனியில் இதற்கு நெருக்கமானதை டோப்பல்கிரிஃபிக் என்றும் பையில் அச்சிட்டிருப்பார்கள். இவை எதுவும் கிடைக்காத ஊரில் மூன்று பங்கு மைதாவுக்கு ஒரு பங்கு நைஸ் ரவை கலந்து, பால் ஊற்றிப் பிசைந்ததும் பத்து நிமிடம் ஊறவிட்டு மறுபடி பிசையலாம். முழுமையான மாற்று என்று சொல்ல மாட்டேன், ஆனால் வெறும் மைதாவைவிடப் பல மடங்கு மேல்.

மாவு சரியாக இருந்தும் கனமாக வந்தால், ஈஸ்ட் வேலை செய்யவில்லை. பால் விரலுக்கு இதமாக இருக்க வேண்டும், 35 டிகிரி அளவில். 50 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் மடியத் தொடங்கும். கரைத்துப் பதினைந்து நிமிடத்தில் நுரை வராத ஈஸ்டை மாவில் ஊற்றாதீர்கள். முட்டையும் பாலும் மாவும் வீணாவதைவிட ஈஸ்ட் மட்டும் வீணாவது மேல். உப்பை நேராக ஈஸ்டின் மேல் கொட்டாமல் மாவோடு கலந்துகொள்ளுங்கள்.

இன்னொரு காரணம், பயம். மாவு கையில் ஒட்டுகிறது என்று பயந்து மேலும் மேலும் மாவைத் தூவுவது. இந்த மாவு தொடக்கத்தில் ஒட்டத்தான் செய்யும். ஏழெட்டு நிமிடம் பிசையுங்கள். தானாகவே கையை விட்டு விலகி, மேற்பரப்பு மினுமினுக்கும். அதற்கு முன் மாவுப் பையைத் தொடாதீர்கள்.

மேலே வழவழவென்று கூழாகிறது

தண்ணீர் கொதிப்பதற்கு முன் போட்டிருப்பீர்கள், அல்லது இருபது நிமிடத்துக்குப் பதில் முப்பது நிமிடம் விட்டிருப்பீர்கள். மாவு மிகத் தளர்வாக இருந்தாலும் இப்படி ஆகும். அப்போது ஷிஷ்கா தட்டையாகப் பரவியும் இருக்கும். தண்ணீரே பிடிக்கவில்லை என்றால் ஆவியில் வையுங்கள், இருபது முதல் இருபத்தைந்து நிமிடம். தோல் உலர்வாக வரும், கூழாகும் பேச்சே இல்லை. இட்லிப் பானை உள்ள வீட்டில் இதற்குத் தனிப் பாத்திரம் தேவையில்லை, தட்டில் துணி விரித்து வைக்க வேண்டும், அவ்வளவே. ஷிஷ்கா உப்பி மூடியைத் தொடாதபடி உயரம் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

தோலில் வெடிப்பு விழுந்தால், இரண்டாம் பொங்கலின்போது மூடாமல் விட்டதால் மேற்பரப்பு காய்ந்திருக்கிறது. ஈரத் துணி போட்டால் தீர்ந்தது.

ரொட்டித் துண்டுகள் காணாமல் போகின்றன, அல்லது உதிர்ந்து விழுகின்றன

வெட்டு முகத்தில் ரொட்டித் துண்டுகள் வெளிர் சதுரங்களாகத் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் ரொட்டி புதிதாக இருந்தது, அல்லது ஆரம்பத்திலேயே போட்டுப் பிசைந்துவிட்டீர்கள். ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, முதல் நாள் இரவே திறந்து வைத்துக் காயவிடுங்கள். இல்லையேல் வாணலியில் எண்ணெய் இல்லாமல் லேசாக வறுங்கள். செக் கடைகளில் இதற்கென்றே வெட்டிக் காயவைத்த துண்டுகள் பையில் கிடைக்கின்றன. அவற்றைத் தயக்கமின்றி வாங்கலாம். உதிர்ந்து விழுவது இதற்கு எதிர்க்கோடி, ரொட்டி அதிகம். அரை கிலோ மாவுக்கு நூறு கிராமைத் தாண்ட வேண்டாம்.

புளித்த வாடை அடிக்கிறது என்றால் ஈஸ்ட் அதிகம் அல்லது அதிக நேரம் சூடான இடத்தில் பொங்கியிருக்கிறது. முதலாவது என்றால் ஈஸ்டைக் குறைத்து, நேரத்தைச் சற்றுக் கூட்டுங்கள்; இரண்டாவது என்றால் நேரத்தைக் குறையுங்கள்.

உருளைக்கிழங்கு க்னெட்லீக் கரைந்து போகிறது, அல்லது பசையாகிறது

இது வேறு இனம். ஈஸ்ட் இல்லை, பொங்கல் இல்லை. வறுத்த வாத்துக்கும் பன்றி இறைச்சிக்கும் கீரை மசியலுக்கும் பொருத்தமானது. இங்கே எல்லாம் கிழங்கிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

செக் கடையில் உருளைக்கிழங்குப் பையில் ஏ, பி, சி என்று சமையல் வகை போட்டிருக்கும். ஏ வகை வெந்த பிறகும் கெட்டியாக நிற்கும், சாலடுக்கானது. சி வகை மாவாக உதிரும். இதற்கு சி வேண்டும், கிடைக்காவிட்டால் பி. தோலோடு முதல் நாளே வேகவைத்து, ஆறவிட்டு, மறுநாள் உரித்துத் துருவுங்கள். ஒரு நாள் வைப்பதில் காரணம் இருக்கிறது: மேற்பரப்பு ஈரம் போய்விடுகிறது, வெந்த மாவுச்சத்தும் இறுகிவிடுகிறது. சூட்டோடு பிசைந்தால் அந்த ஈரத்தை அடக்க மாவு கூடுதலாகப் போட வேண்டிவரும். கூடுதல் மாவு கடினமான க்னெட்லீக்கில் முடியும்.

மிக்சியில் போட்டு அரைத்தீர்களா? அதுதான் பசைக்குக் காரணம். கத்தி வேகமாகச் சுழலும்போது கிழங்கின் செல்கள் உடைந்து மாவுச்சத்து வெளியேறி இழுவையாகிவிடுகிறது. அதை மீட்க வழியில்லை. துருவியும் கையால் அழுத்தும் நசுக்கியும் மட்டுமே.

கரைந்து போவதற்குப் பெரும்பாலும் தாமதமே காரணம். ஒரு கிலோ கிழங்குக்கு ஒரு முட்டை, உப்பு, 250 கிராம் ஹ்ருபா என்று பிசைந்ததும் மாவு கெட்டியாகத்தான் இருக்கும். பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள், உப்பு கிழங்கிலிருந்து நீரை இழுத்து மாவைத் தளர்த்தியிருக்கும். பலர் இந்த இடத்தில் மேலும் மாவு சேர்க்கிறார்கள், அது மறுபடி தளர்கிறது. தண்ணீரைக் கொதிக்கவைத்துவிட்டுப் பிறகு பிசையுங்கள். பிசைந்த கையோடு உருட்டி உள்ளே போடுங்கள். அதற்கு முன் எலுமிச்சை அளவு ஓர் உருண்டையை மட்டும் போட்டுச் சோதிப்பது அவசியம். அது கலங்காமல் மிதந்து வந்தால் மீதியைப் போடலாம். ஓரம் கரைந்தால் ஒரு கரண்டி ரவையோ உருளைக்கிழங்கு ஸ்டார்ச்சோ சேருங்கள். தண்ணீர் இங்கே தளதளவென்று கொதிக்கக் கூடாது. மெல்லிய அசைவு போதும்.

கார்லோவி வாரி வகை உதிர்கிறது

வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்பெற்ற கார்லோவி வாரி நகரின் பெயரைத் தாங்கிய இந்த வகையில் ரொட்டியே பிரதானம். முட்டையும் பாலும் பார்ஸ்லி இலையும் சேர்த்து, துணியிலோ உணவுத் தாளிலோ சுற்றி வேகவைப்பார்கள். உதிர்ந்தால் ரொட்டி போதுமான நேரம் ஊறவில்லை, அல்லது சுருள் தளர்வாகச் சுற்றப்பட்டிருக்கிறது. பாலும் மஞ்சள் கருவும் கலந்ததில் இருபது நிமிடம் ஊற வையுங்கள். அடித்த வெள்ளைக் கருவைக் கடைசியில், நுரை அடங்காமல் மெதுவாகச் சேருங்கள். இறுக்கமாகச் சுற்றி இரு முனைகளையும் நூலால் கட்டுங்கள். வெந்த பிறகு ஐந்து நிமிடம் சுற்றியபடியே இருக்கட்டும்.

நன்றாக வெந்ததை வெட்டும்போது நசுங்குகிறது

கத்தியை வையுங்கள், நூலை எடுங்கள். செக் பாட்டிமார் காலங்காலமாகச் செய்வது இதுதான். சாயமில்லாத கெட்டியான பருத்தி நூலை ஷிஷ்காவுக்கு அடியில் செலுத்தி, இரண்டு சென்டிமீட்டர் தள்ளி நிறுத்தி, இரு முனைகளையும் மேலே கொண்டுவந்து ஒன்றின் மேல் ஒன்றாகக் குறுக்கிட்டு, எதிரெதிர்த் திசையில் இழுங்கள். நூல் எல்லாப் பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் இறங்குவதால் எந்தப் பக்கமும் அழுத்தம் விழுவதில்லை. வெட்டு முகத்தில் துளைகள் திறந்தே இருக்கும். கத்தி அவற்றைத் தேய்த்து மூடிவிடும், பிறகு குழம்பு வழுக்கிக்கொண்டு போகும்.

மறுநாள் காய்ந்து போகிறது

அறை வெப்பத்தில் மூடாமல் விட்ட க்னெட்லீக் சில மணி நேரத்தில் விறைக்கும். ஆறியதும் துண்டுகளாக்கி மூடிய டப்பாவில் குளிர்பெட்டியில் வையுங்கள், இரண்டு மூன்று நாள் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமானால் உறைபெட்டி. உறைந்ததை அப்படியே ஆவியில் வைக்கலாம். சூடாக்குவதற்கும் ஆவிதான் உத்தமம், மூன்று நான்கு நிமிடம். மைக்ரோவேவில் என்றால் ஈரத் துணியால் மூடி அரை நிமிடம் அரை நிமிடமாக வையுங்கள். மூடாமல் வைத்தால் ஓரம் பிஸ்கட் போல ஆகிவிடும்.

எப்படியும் மீளாத அளவுக்கு விறைத்துவிட்டால் செக் வீடுகளில் அதைத் தூக்கிப் போடுவதில்லை. சிறு துண்டுகளாக நறுக்கி, வெண்ணெயில் ஓரம் சிவக்க வதக்கி, அடித்த முட்டையை ஊற்றிக் கிளறி, ஊறுகாய் வெள்ளரியோடு சாப்பிடுகிறார்கள். முட்டையை ஊற்றியதும் அடுப்பைக் குறையுங்கள். முட்டை உதிரியாகக் காய்ந்துவிட்டால் இரண்டாம் முறையும் உலர்ந்த க்னெட்லீக்தான் கிடைக்கும்.